குகதாசனுக்கு நான் கொடுத்த இரண்டு வருடங்கள்

பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதில் லண்டனில் எனக்கு நிகர் எவரும் இல்லை. ஜனவரி முதலாம் திகதி விடிந்தால் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஹவுன்ஸ்லோவிலும் அப்டன் பார்க்கிலும் அன்றைக்குப் பிறந்த தமிழர்கள் அவ்வளவு பேர். ஒரே நாளில் இத்தனை பேரையும் பெற்றெடுக்க யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் கட்டில் போதாது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவன் நான்தான்.

என் பெயர் அருட்பிரகாசம். ரயில்வேயில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளில் எங்கள் சனம் சண்டைக்குத் தப்பி விமானம் விமானமாக வந்து இறங்கியபோது குடிவரவு அதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளனாகவும் இருந்தேன். எல்லாவற்றையும் எரியக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், பயத்தில் சொந்தப் பெயரையே மறந்து நிற்பார்கள். பிறந்த திகதி என்ன என்றால் முகட்டைப் பார்ப்பார்கள். ஜனவரி ஒன்று என்று நானே சொல்லிவிடுவேன். அதிகாரிக்கும் திருப்தி, சனத்துக்கும் திருப்தி.

ஆனால் பாலாம்பிகை முகட்டைப் பார்க்கவில்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு கடைசியில், கணவன் சபாரத்தினத்தோடும் ஒரே மகன் குகதாசனோடும் வந்து இறங்கியவள். தாயைத் தனி அறையில் வைத்து விசாரித்தார்கள். மகன் எப்போது பிறந்தான் என்று அதிகாரி கேட்க, எழுபத்துமூன்றாம் ஆண்டு ஆவணி மாதம் என்று திகதியோடு தெளிவாகச் சொன்னாள். நான் ஆங்கிலத்தில், எழுபத்தைந்தாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி என்றேன்.

நல்ல எண்ணத்தில்தான். பன்னிரண்டு வயதுப் பையன் ஆங்கிலம் தெரியாமல் பெரிய வகுப்பில் போய் என்ன செய்வான்? பத்து வயது என்றால் சின்ன வகுப்பு. பெற்றோரின் நிழலில், சின்னப் பிள்ளை என்ற கணக்கில், இன்னும் இரண்டு வருடம் கூட இருக்கலாம். வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன்.

"தங்கச்சி, இனி இவனுக்குப் பத்து வயசு. ஆர் கேட்டாலும் அதைத்தான் சொல்லவேணும்."

"ஐயோ அண்ணை, நான் சரியாத்தானே சொன்னனான்."

"நீர் சரியாத்தான் சொன்னனீர். நான் அதைவிடச் சரியாச் சொன்னனான்."

சபாரத்தினம் தலையாட்டினார். பயந்த மனிதர் எதற்கும் தலையாட்டுவார். பையன் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து, தன் இரண்டு வருடத்தை நான் எங்கே வைத்திருக்கிறேன் என்று தேடுவதுபோல என் கைகளைப் பார்த்தான்.

ஹவுன்ஸ்லோவில் என் வீட்டுக்கு அடுத்த தெருவில் அவர்களுக்குக் கவுன்சில் வீடு கிடைத்தது. பக்கத்தில் ஒரு பூங்கா, அதில் வலை கிழிந்த டென்னிஸ் மைதானம். யாரோ எறிந்துவிட்டுப் போன ராக்கெட்டோடு குகதாசன் சுவரில் பந்தடிக்கத் தொடங்கினான். அவன் அடித்த அடியில் அந்தச் சுவர் ஒரு சாண் பின்னால் போனது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை. அந்த வழியால் நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரப் பயிற்சியாளர் நின்று பார்த்தார். நாய் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழும்வரை பார்த்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெற்றி.

பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மீசை அரும்பிய ஒரே ஆட்டக்காரன் எங்கள் ஆள்தான். சபாரத்தினத்துக்கு விமான நிலையத்தில் எப்போதும் ஷிப்ட். ஆகவே காரில் கூட்டிக்கொண்டு போவது நான். மைதானத்து ஓரத்தில் வெள்ளைக்காரத் தாய்மார் கடித்துத் துப்பிய நகத்தைக் கூட்டி அள்ளினால் ஒரு தலையணை தைக்கலாம். ஒரு அம்மா என்னிடம், உங்கள் பையன் வயதுக்கு மிஞ்சிய வளர்த்தி என்றாள். மிளகாய்த்தூள் என்றேன். அடுத்த கிழமை கடையில் மிளகாய்த்தூள் தட்டுப்பாடு.

அவளுடைய மகன் கிறிஸ்டபர், செம்பட்டைத் தலையும் ஈர்க்கில் கைகளுமாக இருந்த பிள்ளை. அந்த வயதில் இங்கிலாந்திலேயே நம்பிக்கைக்குரியவன் என்று பேசினார்கள். குகதாசனிடம் மூன்று தடவை தோற்றான். மூன்றாவது தடவை வேலிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். பிறகு விளையாட வரவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மைதானத்தில் அவனை அடித்து விரட்டியது என்னுடைய இரண்டு வருடம் என்று நினைக்கும்போது உடம்பில் ஒரு சந்தோசம் ஓடும். இருக்கிறதை மறைக்கக் கூடாது.

குகதாசனுக்குத்தான் அந்தச் சந்தோசம் பிடிபடவில்லை. சிறுவர் ஆட்டங்களில் நடுவர் கிடையாது. தன் பக்கத்தில் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அவரவரே சொல்லவேண்டும். இவன் சந்தேகமான பந்தையெல்லாம் எதிராளிக்கே கொடுப்பான். சில சமயம் சந்தேகமே இல்லாமல் வெளியே விழுந்ததையும் கொடுப்பான். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் காரில் கேட்டான். "மாமா, நான் ரியலி நல்ல பிளேயரா? இல்லாட்டி எல்லாம் அந்த ரெண்டு வருசமா?"

"ரெண்டு வருசம்தான் தம்பி. வேற என்ன."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதன் பிறகு அவன் செய்ததுதான் எதிர்பாராதது. தன் வயதுக்காரருடன் விளையாட மாட்டேன், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரோடு விடுங்கள் என்று பயிற்சியாளரிடம் போய் நின்றான். அவருக்கு இவன் பதினைந்து வயதுப் பையன். துணிச்சலைப் பார் என்று பூரித்துப் போனார். அந்தப் பிரிவுதான் அவனுடைய சரியான வயதுக்கு உரியது என்பது எங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரியும். தன் உயரமே உள்ள, தன் தோளே உள்ள, தன்னைப்போலவே முகச்சவரம் செய்கிற பையன்களோடு போய் நின்றான். முதலில் தோற்றான். எனக்கு நிம்மதி. பிறகு வென்றான். மறுபடி வென்றான். தொண்ணூற்றோராம் ஆண்டு வசந்தத்தில் ஸ்பெயினில் நடக்க இருந்த சர்வதேச இளையோர் போட்டிக்கு லண்டனிலிருந்து போகிறவர்களில் அவனும் ஒருவன் என்று முடிவானது. அந்தத் தெரிவுக்கான கடைசி ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூடத் தானமாகக் கொடுக்கவில்லை. வெளியே விழுந்ததை வெளியே என்றான், குரல் உயர்த்தாமல்.

திரும்பி வரும்போது பின் இருக்கையில் ராக்கெட்டுகளைப் போட்டுவிட்டு முன்னால் வந்து ஏறினான்.

"மாமா, உங்கட ரெண்டு வருசத்தைத் திருப்பித் தந்திட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை. இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்கிறவனைப் போல, முகம் முழுக்கச் சிரிப்போடு சொன்னான். அவனை நான் அவ்வளவு சந்தோசமாக முன்பு கண்டதில்லை.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். நித்திரையும் வந்தது. வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போய்க் குகதாசன் பெயரில் ஒரு அர்ச்சனை செய்வித்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். உண்மையான நட்சத்திரத்தையே சொன்னேன். முருகனிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. விபூதி பூசிக்கொண்டு, சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குப் போய், இரண்டு இடங்களுக்குப் பேசினேன். போட்டி நடத்துபவர்களிடம் குகதாசனின் உண்மையான வயதைச் சொன்னேன். குடிவரவு அலுவலகத்திலும் அதையே சொன்னேன். இரண்டு இடத்திலும் மரியாதையாக நன்றி சொன்னார்கள். ஒரு பொய்கூட என் வாயிலிருந்து வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

பின்விளைவு தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அந்த அலுவலகத்துக் கதிரைகளில் என்னளவு காலம் உட்கார்ந்தவன் இல்லை. எனக்குத் தெரியும்.

பொய்த் திகதியில் பதிந்தவன் என்பதால் ஸ்பெயின் போனது. பழைய வெற்றிகளையும் அழித்தார்கள். பயிற்சியாளர் அவர்கள் வீட்டு வாசல்வரை வந்து, திரும்பிப் போனார். குடிவரவுக்காரர் கணக்கில், வருகிற ஆவணியோடு பதினெட்டு முடிகிறவன், இன்னும் முடிவாகாமல் கிடந்த பெற்றோரின் அகதி விண்ணப்பத்தில் பிள்ளையாக இருக்க முடியாது. அதுவும் பொய் வயது சொல்லி இருந்தவன். தனியாகத் திருப்பி அனுப்பலாம்.

விசாரணையில் குகதாசன் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னான். அம்மா உண்மையைத்தான் சொன்னா, மொழிபெயர்த்தவர்தான் மாற்றினார் என்றான். அப்போது மொழிபெயர்த்தது யார் என்று எவரும் குறித்து வைத்திருக்கவில்லை. தாயைத் தனியாகக் கேட்போம், அவளும் அதையே சொன்னால் பொய்க்கு உங்கள் குடும்பம் பொறுப்பில்லை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு என்று அதிகாரி சொன்னாராம். அன்று பின்னேரம் பையன் என் வீட்டுக்கு வந்தான்.

"உங்கட பேரைச் சொல்லேல்லை மாமா. பயப்பிடாதேங்கோ."

"நீ கெட்டிக்காரன்."

"அம்மாவையும் சொல்ல வேண்டாம் எண்டனான். நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னனான்."

தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில், தமிழ் பேசும் ஒரு பெண்ணை விசாரிக்கவேண்டும், வர முடியுமா என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். முடியாது என்றிருக்கலாம். வேறு ஆள் கிடைத்திருப்பார். இவ்வளவு முக்கியமான வேலையை முன்பின் தெரியாத ஒருவரிடம் விட எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் கண்டதும் பாலாம்பிகைக்கு உயிர் வந்தது. அதிகாரி இளவயதுக்காரர், நல்ல பண்பு. வந்து இறங்கிய அன்று மகனின் வயதைப் பற்றி நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். நான் அட்சரம் பிசகாமல் தமிழில் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொன்னாள்.

"நான் அண்டைக்கே சரியான திகதியைச் சொன்னனான். பிறகுதான் மாறினது. அவனில ஒரு பிழையும் இல்லை ஐயா. எனக்கு அவன் ஒருத்தன்தான்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வயதைக் குறைத்துச் சொன்னது தானும் கணவனும் சேர்ந்து எடுத்த முடிவு என்கிறார். அதற்காக வருந்துகிறார்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். அன்றைய மொழிபெயர்ப்பாளர் எதையாவது மாற்றினாரா என்று கேட்கச் சொன்னார்.

நான் பாலாம்பிகை பக்கம் திரும்பி, "தங்கச்சி, தேத்தண்ணி ஏதும் குடிக்கப் போறீரோ?" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "இல்லை அண்ணை."

இல்லை என்கிறார், என்றேன்.

வெளியே வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டேன் என்று அவளுக்கு நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு கொஞ்ச நாள் இருந்தாள். இலை உதிரத் தொடங்க முன்னரே குகதாசனைக் கொழும்புக்கு ஏற்றினார்கள். இறங்கிய இடத்தில் வைத்தே ஒரு வாகனத்தில் கொண்டுபோனதாக யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் சொல்லவில்லை. ஆண்டுகள் போய்விட்டன. சபாரத்தினம் வேலையை விட்டுவிட்டார். தொலைக்காட்சியில் டென்னிஸ் வந்தால் எழுந்து குசினிக்குள் போய் நிற்பார்.

பாலாம்பிகையை வெள்ளிக்கிழமைகளில் நான்தான் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். மகனின் இருக்கை என்று முன்னால் ஏறமாட்டாள், பின்னால் இருப்பாள். போன கிழமையும் அதையே சொன்னாள்.

"நீங்கள் அவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவங்கள் கேக்கேல்லையே அண்ணை."

"ஓம் தங்கச்சி. எங்களால ஏலுமானதைத்தானே செய்யலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் காரை மெதுவாகவே ஓட்டினேன். பாவம், இந்த ஊரில் என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.