இல்லாத பள்ளம்

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் துணி காயாது, இன்ஸ்பெக்டர் சார். ஆடியில் துவைத்த என் பேண்ட் ஆவணியில்தான் கொடியிலிருந்து இறங்கும். ஒளியைப் பற்றிப் பாடம் எடுக்கிற பேராசிரியர் நான். வெயிலை வரவழைக்க மட்டும் தெரியாது.

கண்ணுக்கு எட்டாத ஒரு படிகத் துணுக்கிலிருந்து ஒளித்துகளை ஒற்றை ஒற்றையாக வெளியே எடுப்பது என் ஆராய்ச்சி. அப்படி வந்தால் வரைபடத்தின் நடுவில் ஒரு பள்ளம் விழும். ஆறு வருஷத்துக்கு முன் அந்தப் பள்ளத்தை வெளியிட்டுத்தான் எனக்குப் பெயர், ஆய்வகம், வாசலில் பித்தளைப் பலகை எல்லாம். பள்ளம் நான் கையால் தோண்டியது.

சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஆய்வு மாணவி எப்சிபா, ஏழு மாதம் அதே சோதனையைத் திரும்பச் செய்தாள்.

"சார், பள்ளத்தக் காணோம். பழைய டேட்டாவையும் பாத்துட்டேன். அதுலயும் இல்ல." எனக்காக அவள் கூனிக் குறுகி நின்றாள். "நாமளே எழுதி அந்தக் கட்டுரைய வாபஸ் வாங்கிருவோம் சார். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ."

நல்ல பிள்ளை. திங்கட்கிழமை வரை பொறும்மா என்றேன்.

எங்கள் லேசர் அகச்சிவப்பு. எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பாதுகாப்புக் கண்ணாடி சாரல் காலத்தில் பனி பிடித்துக்கொள்ளும். கழற்றிவிடுவது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். விபத்துக்குப் பிறகு வந்த விசாரணைக் குழுவும் அதைத்தான் எழுதியது: ஈரப்பதம், கவனக்குறைவு. லேசர் ஸ்விட்ச் போட்ட நேரத்தை இயந்திரம் குறித்து வைத்திருப்பதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். என் ஆய்வகத்தில் எடுத்த சரியான அளவீடு அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை அவள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் லேசரைப் போட்டேன். வந்ததும் லென்ஸில் தூசி பார்க்கச் சொன்னேன்.

"கண்ணாடியக் கழட்டிருதேன் சார், பனி பிடிக்கு. லேசர் ஆஃப்லதான இருக்கு?"

"ஆஃப்தான்மா."

குனிந்தாள். "சார், கண்ணுக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். நடுவுல கருப்பா நிக்கு."

"தூசியா இருக்கும். இடது கண்ணால பாரும்மா."

பார்த்தாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை.

ஞாயிறுதோறும் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு சுரண்டைக்குப் போகிறேன். நானே உரித்து அவள் கையில் வைப்பேன். சாரைப் போல இளகிய மனசு யாருக்கு வரும் என்று அவள் அம்மா கண் கலங்குவார்.

போன வாரம் கேட்டாள். "சார், அந்தப் பள்ளம்?"

"வந்துட்டும்மா. நட்ட நடுவுல, அழகா."

கையிலிருந்த சுளையைக் கீழே வைத்தாள். "அப்போ நாந்தான் சரியாப் பாக்கல. உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க சார்."

லேசரைப் போட்டது நான்தான், தெரிந்தே போட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள், சார்: அந்த இடத்திலேயே அவளை மன்னித்துவிட்டேன்.