காதுக்கு ஒரு கையெழுத்து

— எங்கை கையெழுத்து வைக்கச் சொல்லுறியள், டொக்டர் பத்ரிநாராயணன்? நான் செவிடன் எண்டு எழுதியிருக்கிற இடத்துக்குக் கீழையோ?

— செவிடன்னு எழுதலை, செல்வரத்தினம். "எண்பத்தேழிலிருந்து ஆறு வருஷமாக எங்கள் லண்டன் ரைபிள் கிளப்பில் இலக்கு அட்டை மாற்றும் வேலை பார்த்து, கேட்கும் திறன் குறைந்த ஊழியர்"னு மரியாதையாத்தான் எழுதியிருக்கேன்.

— செவிட்டுக்குக் கோட்டும் சூட்டும் போட்டு விட்டிருக்கிறியள்.

— விஷயத்தைக் கேளுங்க. துப்பாக்கி முனையில மாடரேட்டர் மாட்டினா சத்தம் நல்லாக் குறையும். போலீஸ் காரணம் போதாதுன்னு பர்மிட் தரமாட்டேங்குது. காதைக் காப்பாத்தத்தான் கேக்கறோம்னு காட்ட ஒரு ஆள் வேணும்.

— மாடரேட்டரோ? நாங்கள் அதைச் சைலன்சர் எண்டு சொல்லுறனாங்கள். பேரை மாத்தினாப் போலை அது பால்போத்தல் ஆயிடுமோ?

— போலீஸும் இப்படித்தான் பேசறாங்க, சினிமா பார்த்துட்டு. சத்தம் முழுசாப் போகாதுங்க. காதைக் கிழிக்கிற கூர் மட்டும்தான் மழுங்கும்.

— ஆரின்ர காது? உங்கட கமிட்டியிலை இருக்கிற வெள்ளைக்கார மேஜர் துரையின்ரயோ? அந்தாள் போன கிழமை ஒரு கடதாசி ரார்கெட்டுக்கு ஒன்பது வெடி வைச்சவர். கடதாசியிலை ஒரு ஓட்டை இல்லை. ரார்கெட்டுக்கு மேலை குந்தியிருந்த காகம் பறக்கவுமில்லை. அதுக்குத் தெரியும், உலகத்திலை ஆகப் பாதுகாப்பான இடம் அதுதான் எண்டு.

— கிண்டல் பண்ணாதீங்க. சுட்டுட்டு வீட்டுக்குப் போனா எனக்கே காதுல ஙொய்னு ஒரு சத்தம், விடவே மாட்டேங்குது.

— நீங்கள் பல்லு டொக்டரெல்லோ? ஸ்ட்ரெதத்திலை அரைவாசிச் சனம் உங்கட கதிரையிலை இருந்து கத்தினது உள்ளுக்கை தேங்கிப்போய் நிக்குது. அதுக்கும் துவக்குக்கும் ஒரு சம்பந்தமுமில்லை.

— சரி, திட்டிக்கோங்க. கையெழுத்து மட்டும் போட்டுடுங்க.

— சத்தம் கேட்டதாலைதான் நாங்கள் உயிரோடை தோர்ண்டன் ஹீத்துக்கு வந்து சேர்ந்தனாங்கள். ஷெல் கூவினால் பங்கருக்கை பாயலாம். சத்தமில்லாத வெடிக்கு ஆர், எங்கை பாயிறது? இந்த ஒரு விசயத்திலை நான் பொலிஸின்ர பக்கம்.

— இங்க யாரு ஷெல் அடிக்கிறா? வேலிக்குள்ள நின்னு கடுதாசியைச் சுடறோம். மாடரேட்டர் வந்தா மொதல்ல பொழைக்கிறது உங்க காதுதான்.

— என்ர காதுக்கு ஒரு குறையுமில்லை. குறோய்டனிலை ரெயின் வெளிக்கிடேக்கை இஞ்ச நான் சப்பாத்தைக் கொழுவுவன். அவ்வளவு கேக்கும். இதிலை கையெழுத்து வைச்சால் அடுத்த கிழமை என்ன சொல்லுவியள்? 'நிப்பாட்டு' எண்டு கத்தினாக் கேளாதவனை ரார்கெட் பக்கம் விடேலாது எண்டுவியள். உங்களுக்குச் சைலன்சர், எனக்கு வேலையில்லாக் காசுக்குப் பெனிபிட் ஒபிசிலை லைன்.

— கமிட்டி அப்படிச் செய்யாது.

— எந்தக் கமிட்டி? நான் காதுமூடி கேட்டு எழுத, பஞ்சு வைச்சுக்கொள் எண்டு மறுமொழி போட்ட கமிட்டியோ? அனுப்பின பஞ்சும் மேஜரின்ர தாத்தா படுத்த தலையணையிலை பிச்சது போலை ஒரு மஞ்சள். உங்கட காதுக்கு நாட்டின்ர சட்டம் வளையோணும். என்ர காதுக்குப் பஞ்சு.

— இருங்க. உங்க மொகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரல, இப்படி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறேன். அந்த லெட்டரைக் கமிட்டி பார்க்கவே இல்லை, செல்வரத்தினம். செக்ரட்டரின்னு நானே பதில் போட்டேன். தமிழன் தமிழனுக்குச் சலுகை கேக்கறான்னு மேஜர் நினைச்சிடுவாரோன்னு பயம். ஒரு காதுமூடிக்குப் பயந்தேன். உங்க காதுக்கு ஏதாவது ஆயிருந்தா அது என்னாலதான். என்னை மன்னிச்சிடுங்க.

— உங்கட தோள் ஏன் குலுங்குது, டொக்டர்? இஞ்சாலை திரும்பி இன்னொருக்காச் சொல்லுங்கோ. இவ்வளவு நேரமும் உங்கட வாயைப் பாத்துத்தான் மறுமொழி சொன்னனான்.