மேஜைக்கடியில் ஒரு லாக் வளையம்

— எங்கேடா கிடந்துச்சு இது? பாஸு, மென்னு முழுங்காம சொல்லு.

— மேஜைக்கு அடியிலக்கா. பெருக்கும்போது துடைப்பத்துல மாட்டுச்சு. சின்னக் கம்பி வளையம்தானே, அதுக்கு ஏன் உன் மூஞ்சி இப்படி வெளுக்குது?

— சின்ன வளையமா! பிஸ்டன் பின்னு வெளிய நழுவாம பிடிச்சுக்கறது இதுதான்டா. பக்கத்துக்கு ஒண்ணு. இது வெளிய கிடக்குதுன்னா, உள்ள ஒண்ணு இல்ல.

— பழசா இருக்கும்.

— பழசைக் குறடால நெளிச்சிட்டுத்தான் வீசுவேன், புதுசோட கலந்துடக் கூடாதுன்னு. இதுல ஒரு நெளிவு இல்லையே! யா அல்லாஹ்... நேத்து இந்த பைக்குலதானே மணல்மேட்டு உச்சி வரைக்கும் ஏறின? இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் நின்னிருந்தா?

— நிக்கலல்ல. விடு.

— போன வருஷம் நம்ம அண்ணன் ஸாயிதைப் போர்வையில சுத்தித் தூக்கிட்டு வந்தாங்க. இப்ப உன்னை நானே என் கையால...

— இத்தோக்கா, அழாத. அண்ணன் உச்சியைத் தாண்டி விழுந்தான். இன்ஜின் என்ன பண்ணும்?

— பேசாத. ஸ்பேனரை எடு, பிரிக்கறேன்.

— பிரிச்சா சிலிண்டருக்கு அடியில இருக்கற கேஸ்கெட் கிழிஞ்சிடும், வேற இல்லன்னியே. நாளைக்கு மணல்மேடு ஏற்ற போட்டிக்குப் போக முடியாதே?

— போட்டியாவது மண்ணாவது! எனக்கு நீ வேணும்டா.

— சரிக்கா. உன் இஷ்டம்.

— மெதுவா... சிலிண்டர் வருது, அப்படியே பிடிச்சுக்க. டார்ச்சை இந்தப் பக்கம் காட்டு.

— என்னக்கா, வளையம் இருக்கா இல்லையா?

— இருக்குடா! இந்தப் பக்கமும் இருக்கு, அந்தப் பக்கமும் இருக்கு. ரெண்டும் புதுசு. அல்ஹம்துலில்லாஹ்! பக்கத்துக் கடை ஹம்மு கிட்ட ஒரு கேஸ்கெட் இருக்கும், காலைப் பிடிச்சாவது வாங்கிட்டு வா. பொழுது சாயறதுக்குள்ள மூடிடலாம். நாளைக்கு ஊரே வாயைப் பிளக்கணும்.

— ஹம்மு தரமாட்டான்.

— கேட்டுப் பாரேன்டா... இரு. அப்ப இந்த மூணாவது வளையம் எங்கேருந்து வந்துச்சு?

— தெரியலக்கா.

— புது வளையம் வச்சிருக்கற அந்த டப்பாவை எடு. பாக்கெட்டுக்கு ரெண்டுதானே வரும்... இதை யாரு பிரிச்சா? ஒண்ணுதான் இருக்கு. பாஸு, என்னைப் பாரு.

— நான்தான்.

— அடப்பாவி! என் உயிரே போயிடுச்சேடா! அண்ணன் வண்டியாச்சேன்னு பார்த்துப் பார்த்துக் கட்டினேன். புது பிஸ்டன், புது கேம், புது வால்வு. அதுல அப்படி என்ன குறையைக் கண்ட?

— நேத்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம்தான் முறுக்கினேன். உச்சிக்கு மேல தூக்கிட்டுப் போயிடுச்சு. அண்ணன் விழுந்த அதே இடம், அந்தப் பக்கம் தரையே தெரியல. ஊரு முன்னாடி மாட்டேன்னு சொல்ல வாய் வரல, நீ பிரிச்சுட்டா போட்டிக்குப் போக வேண்டாமேன்னு இதை எடுத்துப் போட்டேன். உன் இன்ஜின்ல ஒரு குறையும் இல்லக்கா. அதான் பயமா இருக்கு.