சருவத்துக் கீரை

"மண்ணே தொடாத கீரையைக் கழுவணுமா மைனி?"

கரமனை பஸ்ஸில், முன்சீட்டுக்காரி தன் அண்ணன் மனைவியிடம் இப்படிக் கேட்டதும் நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வேண்டாம். மாடியில வெறும் தண்ணியில வளந்தது. மாசமா இருக்க மகளுக்குக் கொண்டுபோறேன்."

"தண்ணி எதுல நிக்கி?"

"சோறு பொங்குத பெரிய அலுமினியச் சருவத்துல. உங்கண்ணன் உரம் கலக்கி, தண்ணியில புளிப்பு வேணும்னு என்னமோ சொட்டு மருந்தும் விடுதாரு."

"புளிக்குழம்பை ஒரு ராத்திரி அலுமினியத்துல வெச்சா என்னைய ஏசுவீங்களே! இது மாசக்கணக்கா நிக்கே?"

மைனி மடியிலிருந்த பையைப் பார்த்தாள்.

"சருவத்து அடியெல்லாம் குழிகுழியா அரிச்சுத்தான் கெடக்கு. விடிஞ்சா மனுஷன் அதுக்கிட்டதான் இருக்காரு. அவர்ட்ட சொல்ல எனக்கு வய்யாதுட்டி. கடையில ஒரு கட்டு வாங்கி, அப்பா வளத்ததுன்னு குடுத்துருதேன்."

"நல்லாருக்குன்னு மக போன் பண்ணுனா, அண்ணன் இன்னும் ரெண்டு சருவம் வாங்குவாரே!"

"வளைகாப்புப் பாயாசத்துக்குச் சருவம் வேணும்னு எறக்கிருதேன். பிளாஸ்டிக் பக்கெட்டுல நட்டுக்கிடட்டும்."

"குழி விழுந்த சருவத்துலயா பாயாசம்?"

கரமனை வந்தது. மைனி கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

"பாயாசத்தையும் கடையிலேயே வாங்கிருவோம்ட்டி."