லிஸ்ட்டில் இருந்த பொண்ணு

"ஊசி போட்டு மீச வந்துச்சு, சரி. ரத்தம் ஏன் நைனா கெட்டியாச்சு?"

திருப்பதியிலிருந்து நகரிக்குப் போகும் ரயிலில் எதிர் சீட்டு அம்மா இப்படிக் கேட்டார். அவர் பக்கத்தில் ரத்தப் பரிசோதனைத் தாளோடு இருந்த மகன் ஒரு திருநம்பி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அந்த ஹார்மோன் ஊசி போட்டாலே ரத்தம் ஏறும்மா. நீ அதுக்கு மேல இரும்புச் சத்து மாத்திர வேற குடுத்துக்கினு இருந்த. இன்னும் ஏறிச்சுன்னா ஊசிய நிறுத்திடுவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ரத்தசோகைக்கு நான் சாப்பிடும் அதே இரும்புச் சத்து மாத்திரை என் பையிலும் இருந்தது. மெதுவாக ஜிப்பை மூடிவிட்டேன்.

"நர்சம்மா மாசாமாசம் வூட்டுக்கே கொணாந்து குடுக்குது. ஆம்பளையாவ தெம்பு வாணாமா?"

"அது பொம்பள புள்ளைங்களுக்குக் குடுக்கறதும்மா! நர்சம்மா லிஸ்ட்ல இன்னும் என் பழைய பேரு கீது. பொண்ணுங்க மாத்திரய துன்னு நான் ஆம்பள ஆவணுமா?"

"பேர அடிக்கச் சொன்னா ஏன்னு கேக்கும். தெருவுக்கே தெரிஞ்சிடும்."

மகன் தாளை மடித்துக்கொண்டிருந்தான்.

புத்தூர் தாண்டியதும் அம்மா போனை எடுத்தார். மகனைப் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

"நர்சம்மா, இனிமே எங்க வூட்டுக்கு அந்த மாத்திர வாணாம். லிஸ்ட்ல கீற பொண்ணா? பொண்ணு இல்லம்மா, பையன். எப்பலேந்தா? பொறந்ததுலேந்து. நாமதான் தப்பா எழுதி வெச்சிருந்தோம்."