திரும்பி வராத யோயோ

இல்லம்மா, அது வேணாம். அது ரொம்பப் புதுசா இருக்கு, அதான் வேணாங்கிறேன். பளபளன்னு இருந்தா காரியம் கெட்டுப் போயிடும். கொஞ்சம் அடிபட்டது, கை பட்டுப் பட்டுக் கறுத்தது ஏதாச்சும் இருந்தா காட்டுங்க. விலையக் குறைக்கறதுக்காகக் கேக்கல, புதுசோட விலையே தர்றேன்.

தேத்தண்ணி குடிங்க, ஆறிடப் போவுது. இல்ல, யாரையும் தேடல. தெரிஞ்ச முகம் ஏதாச்சும் இருக்கான்னு பாத்தேன், அவ்வளவுதான். உங்கள எங்க வீட்டுப் பக்கம் மார்சிலிங்குக்கே வரச் சொல்லியிருக்கலாம். ஆனா எங்க ப்ளாக்குல கீழ நின்னு பேசுனா மேல வரைக்கும் கேக்கும். தேக்கா மார்க்கெட்டுல இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போவுது? உங்ககிட்டப் பழைய யோயோ இருக்கான்னு மெசேஜ் அனுப்புனது என் பேத்தி தாரணி. நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷ்ல அடிச்சா. தாத்தாவுக்கு யோயோவான்னு ஒரே சிரிப்பு.

எனக்கில்லம்மா. என் சினேகிதருக்கு. அப்துல் கஃபார்னு பேரு, கஃபார் பாய்னுதான் கூப்பிடுவேன். ரெண்டு வீடு தள்ளி இருக்காரு. அவருகிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அதே மாதிரி இன்னொண்ணு வேணும். அச்சு அசலா அதே மாதிரி.

அந்தக் குடைய இப்படிக் குடுங்க. நீங்க வந்து மடக்குறப்பவே பாத்தேன், கம்பி மாட்டுது. ஒரு சொட்டு விடுறேன். பையில எப்பவும் வச்சிருப்பேன், தையல் மிஷின் எண்ணெய்தான். செராங்கூன் ரோட்டுல மிஷின் பழுது பாத்துக்கிட்டு இருந்தவன்மா நான். கடைய விட்டாலும் பாட்டில் என்னை விடல. எங்க மாடியில யாரு வீட்டு இரும்புக் கதவு கத்துனாலும் போற போக்குல விட்டுட்டுப் போயிடுவேன். கேக்கவெல்லாம் மாட்டேன். கேட்டா வேணாம்பாங்க, எதுக்குங்க சிரமம்பாங்க. இந்தாங்க, இப்ப மடக்குங்க. பாத்தீங்களா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். பேரிங் வச்சது வேணாம். ஆமா, மர அச்சு, அசையாத அச்சு. அது எனக்குத் தெரியும். இப்பத் தெரியும். கயிறு அந்த மரத்த உரசிப் பிடிச்சுத்தான் மேல ஏறி வரணும். அடுத்தது கயிறு. பொதுவா தொப்புள் உயரத்துக்குத்தான் கட்டுவாங்களாம். இவரு நெஞ்சு உயரத்துக்குக் கட்டியிருக்காரு. இந்த நூலப் பாருங்க. முதல் முடிச்சு கயித்தோட நீளம். ரெண்டாவது முடிச்சு யோயோக் கட்டையோட சுத்தளவு. இந்தச் சின்னது ரெண்டு பாதிக்கும் நடுவுல இருக்குற இடைவெளி. அவ்வளவு நீளக் கயிறு உள்ள அடங்கணும்னா இடைவெளி பத்தணும், இல்லாட்டிப் பிதுங்கும். ஓரத்துல கனம் இருக்கணும், அப்பத்தான் அடியில போயும் சுத்திக்கிட்டே இருக்கும். சரிதானே?

எப்படி அளந்தேன்னா... அவரு வீட்டுல இல்லாதப்ப அளந்தேன். சாவி ஒண்ணு எங்கிட்டயும் இருக்கு. அவருக்குப் பக்கவாதம் வந்துட்டுப் போனப்பறம், ராஜு நீ ஒண்ணு வச்சுக்க, நான் உள்ள விழுந்து கெடந்தா நீதான் வரணும்னு குடுத்தாரு. அளவு எடுக்கக் குடுக்கல. தெரியுதும்மா.

வலது கைதான் போச்சு. ஆஸ்பத்திரியில ரப்பர் பந்து ஒண்ணு குடுத்து அமுக்கச் சொன்னாங்க. நான் என்ன தொட்டில்லயா கெடக்குறேன்னு தூக்கிப் போட்டுட்டாரு. குவீன்ஸ்டவுன்ல யாரோ வித்தாங்கன்னு இந்த மர யோயோவ வாங்கிட்டு வந்தாரு. ஆரம்பத்துல முட்டியில அடிச்சுக்கிட்டாரு, தாடையில அடிச்சுக்கிட்டாரு. ப்ளாக்குக்குக் கீழ செஸ் ஆடுற சீனத் தாத்தாக்களெல்லாம், டேய் பாய், ஹெல்மெட் போட்டுக்கன்னு சிரிப்பாங்க. அவரு விடல. கொஞ்சங் கொஞ்சமாக் கயித்த நீட்டுனாரு. கட்டையக் கீழ விட்டுத் தரையில நடக்க வைப்பாரு. பக்கவாட்டுல வீசி, இடது கை விரலால கயித்த மறிச்சா, கட்டை பாட்டுக்கு வந்து கயித்து மேல உக்காந்துக்கும். ஊஞ்சல்ல பிள்ளை உக்கார்ற மாதிரி. கடைசில அந்தத் தாத்தாக்கள் ஆட்டத்த நிறுத்திட்டுப் பாக்க ஆரம்பிச்சாங்க.

அந்தத் தைரியத்துலதான் மகள்கிட்ட அப்படிச் சொன்னாரு. மக ஆமினா, பாசிர் ரிஸ்ல இருக்கு. அத்தா, நீங்க தனியா இருக்க வேணாம், எங்கூட வந்துடுங்கன்னு விடாமக் கூப்பிடும். நல்ல பொண்ணு, ஒரு குறை வைக்காது. ஆனா இவருக்குத் தன் வீடு, தன் அடுப்பு, தன் கதவு. ஒரு நாள் எங்க முன்னாடியே சொன்னாரு, இங்க பாரு ஆமினா, இத வீசுறேன், கைக்குத் திரும்பி வருது பாரு, என்னிக்கு வரலியோ அன்னிக்கு நானே பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடுறேன்னாரு. வாக்குன்னா வாக்குதான் அவருக்கு.

இப்ப வரமாட்டேங்குதும்மா. அடியில போய் வழவழன்னு சுத்துது, இழுத்தா ஏறல. அப்படியே நின்னு தொங்குது. சனிக்கிழமை காலையில சாமான் ஏத்த லாரி வருது.

கயித்த மாத்துனாரு. மாத்துன அன்னிக்குக் கொஞ்சம் வந்துச்சு, அப்பறம் பழையபடி ஆயிடுச்சு. கயித்த அச்சுல ரெண்டு சுத்துப் போட்டும் பாத்தாரு. அதுக்கப்பறம் கட்டையக் குத்தம் சொல்லல, கையத்தான் சொன்னாரு. இப்படி விரிச்சு வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. கை போயிடுச்சு ராஜுன்னாரு.

அதான் நாளைக்கு மதியம் அவரு ஜும்மாவுக்குப் போறப்ப, இத அங்க வச்சுட்டு அத எடுத்துடலாம்னு... ஏன் சிரிக்கிறீங்க? திருட்டுத்தனந்தான். பரிசாக் குடுத்தா, கையே இல்ல, கட்டை எதுக்குடாம்பாரு. தானா எடுத்து, தானா வீசி, தானா வரணும். அப்பத்தான் நம்புவாரு.

இது நல்லா இருக்கே! கறுப்பு ஏறியிருக்கு, ஓரத்துல ஒரு வடு கூட இருக்கு. நூலு சரியா வருது. இடைவெளி... ம், ஒரு மயிரிழை அதிகமா இருக்கு. கண்டுபிடிச்சுடுவாரோ?

என்னது? பழையதையே சரி பண்ணலாமா? நடுவுல இருக்குற அச்சுக் குச்சிய மட்டும் கழட்டி மாத்தலாமா? இந்தச் சின்னக் குச்சியவா? இத மாத்தி, காஞ்ச கயிறு போட்டாப் போதுமா?

அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதே. ஆனா புதுக் குச்சி போட்டாக் கண்டுபிடிச்சுடுவாரு, அவருகிட்டக் கேட்டுத்தான் வாங்கணும். எதுக்குடாம்பாரு. பிரிச்சுப் பாப்பாரு. உள்ள என்ன ஊறியிருக்குன்னா கேக்குறீங்க? ஈரமா இருக்கும். மழை... நம்ம சிங்கப்பூர்க் காத்துலதான் எப்பவும் ஈரந்தானேம்மா.

இருங்க, ஃபோன் அடிக்குது. அவருதான்.

சொல்லுங்க பாய். நானா? மார்க்கெட்ல. மீன் வாங்கலாம்னு. இல்ல, இன்னும் வாங்கல, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எந்தப் பெட்டி? நீலமா? கட்டியாச்சா, அதுக்குள்ளயா? சக்கரமா... சரி. சரி பாய். கொண்டாறேன். வச்சுடுறேன்.

ஒண்ணுமில்லம்மா. சாமானெல்லாம் கட்ட ஆரம்பிச்சிட்டாராம். பெட்டிச் சக்கரம் கத்துதாம். ராஜு, உன் எண்ணெயக் கொண்டாந்து ஒரு சொட்டு விடுடான்னாரு. எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, ராஜு ஒரு சொட்டு விட்டா கத்துறது எதுவும் வாய மூடிக்கும்னு.

யோயோவும் கத்துச்சும்மா. ஒவ்வொரு வீச்சுக்கும் கீச்சு கீச்சுன்னு, கீழ இருந்து என் வீடு வரைக்கும் கேக்கும். மிஷின்காரன் காதுக்குப் பொறுக்கல. ஒரு வெள்ளிக்கிழமை அவரு தொழப் போயிருந்தப்ப உள்ள போய் ஒரு சொட்டு விட்டுட்டு வந்தேன். நல்லா ஊறட்டும்னு இன்னொரு சொட்டு. சந்தோஷப்படுவாருன்னு நெனச்சேன். மிஷினுக்கு உரசல் ஆகாது, இந்தக் கட்டைக்கு உரசல்தான் உசுருன்னு எனக்கு அப்பத் தெரியல. தாரணி ஃபோன்ல ஒரு வீடியோவக் காட்டுனப்பறந்தான் புரிஞ்சுது.

அது கூடப் பரவாயில்ல. புரிஞ்ச அன்னிக்குச் சாயங்காலந்தான் அவரு கைய விரிச்சுக் காட்டுனாரு. பாட்டில் இதே பையில இருந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நமக்கும் வயசாவுதுல்ல பாய்னேன்.

இல்லம்மா, தேத்தண்ணி போதும்.

இந்தக் கட்டைய உள்ள வச்சுடுங்க. அச்சுக் குச்சி ஒண்ணும் கயிறு ரெண்டும் மட்டும் குடுங்க, எப்படிக் கழட்டுறதுன்னு ஒரு தரம் காட்டுங்க. நாளைக்கு வரைக்கும் எதுக்கு, இப்பவே போறேன். சாவி வேணாம், கதவத் தட்டியே போறேன். பெட்டிச் சக்கரம் கத்துனாக் கத்திட்டுப் போவட்டும்.