அறுபத்திரண்டாவது பிரெட் துண்டு

தேதி மார்ச் 11, புதன்கிழமை. நேரம் காலை 6.52. பிரெட் துண்டுகள் இரண்டு. இந்த மூன்றையும் முதலில் பதிவு செய்யும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன்.

என் பெயரும் முகவரியும் அடையாள அட்டையில் உள்ளபடி முதல் தாளில் ஏறிவிட்டன. வயது இருபத்தேழு. கட்டடங்களில் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்திச் சோதிப்பது என் தொழில். வேலையிடத்தில் என்னைப் 'புகை' என்று கூப்பிடுவார்கள். ஸ்டேஷன் எழுத்தர் நான் சொல்லும் வேகத்துக்கு எழுதாததால், இன்ஸ்பெக்டர் அனுமதியோடு பேனாவை வாங்கி நானே எழுதுகிறேன்.

என் மீது இரண்டு புகார்கள். ஒன்று, கூடப்பிறந்த அக்காவுக்கு ஒரு மாதமாக மெல்லக் கொல்லும் விஷம் கொடுத்தது. புகார் கொடுத்தவர் அக்காவின் கணவர், அதாவது என் மாமா. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இரண்டு, பொய்யாகத் தீ எச்சரிக்கை எழுப்பியது. கொடுத்தவர் அக்கா குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன். முதல் புகாரில் விஷம் என்று சொல்லப்படுவது கடையில் விற்கும் சாதாரண பிரெட்.

அக்கா ரயில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கிறாள். சென்ற அக்டோபரில் கவுன்டரிலேயே மயங்கி விழுந்தாள். எடை நாற்பத்தொரு கிலோ, உடம்பில் ரத்தம் இல்லை. டாக்டர் சீலியாக் நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சிலருடைய உடம்பு தன் குடலையே தாக்கும். எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு. ரத்தப் பரிசோதனைக்கு ஜனவரிக் கடைசியில்தான் நாள் கிடைத்தது.

நாளுக்காகக் காத்திருந்தபோது, அக்டோபர் கடைசியில், மாமா டிவியில் 'குடல் குரு' என்பவரின் நிகழ்ச்சியைப் பார்த்தார். அவர் டாக்டர் இல்லை. திரையில் அவருக்குக் கீழே 'ஆய்வாளர்' என்று போட்டார்கள். எதை ஆய்ந்தார் என்று போடவில்லை. அவர் மாவுப் பசை காய்ச்சி, ஒரு போஸ்டரை சுவரில் ஒட்டி, "இதுதாங்க உங்க குடல்" என்றார். குளூட்டன் மனித குலம் முழுமைக்கும் விஷம் என்றும், தொண்ணூறு நாள் விட்டால் எந்தக் குடல் நோயும் வேரோடு போய்விடும் என்றும் சொன்னார். மாமா அன்று மாலையே வீட்டிலிருந்த மாவு, பிஸ்கட், சேமியா எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே போட்டார். கோதுமை நிறத்தில் இருந்ததற்காக ஒரு சோப்பையும் போட்டார்.

தொண்ணூறு நாள் கழித்து, ஜனவரிக் கடைசியில், பரிசோதனை நடந்தது. நோய் இல்லை என்று வந்தது. மாமா அந்தத் தாளையும் அக்காவின் படத்தையும் நிகழ்ச்சிக்கு அனுப்ப, 'குணமான சகோதரி' என்று ஒளிபரப்பினார்கள். அதை அக்கா படுத்துக்கொண்டே பார்த்தாள். எழுந்து உட்காரத் தெம்பில்லை.

அதன் பிறகு நான் அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். கோதுமையை விட்டு மூன்று மாதமாகிறது என்று கேட்டதும் அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். குளூட்டன் உள்ளே போனால்தான் பரிசோதனையில் நோய் தெரியும். நிறுத்தியிருந்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். தினம் இரண்டு துண்டு பிரெட் ஆறு வாரம் சாப்பிட்டுவிட்டு, மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நோய் இருப்பது உறுதியானால் ஆயுளுக்கும் ஒரு துணுக்குகூடக் கூடாது. இல்லையென்றால் அவள் தேய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டும். எதுவென்று தெரியாமல் வைத்தியம் இல்லை. எனக்கு இது உடனே புரிந்தது. புகை விடாமல் புகைக் கருவியைச் சோதித்தேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் என் லைசென்ஸ் போய்விடும்.

மாமாவுக்குப் புரியவில்லை. "போன வியாதிய வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிடச் சொல்றானாடா அந்த டாக்டர்?" என்று கத்தினார். பிறகு அழுதார். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லடா. நீ கொண்டா, நான் தின்னுக்கறேன்" என்றாள்.

பிப்ரவரி 9 முதல் தினமும் காலை 6.50க்கு, புகைக் கருவி வரும் காலி அட்டைப் பெட்டியில் இரண்டு துண்டுகளை வைத்து எடுத்துப் போனேன். அந்த நேரத்தில் மாமா பன்னிரண்டு நிமிடம் குளிப்பார். மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நின்று அக்கா சாப்பிடுவாள். வாட்ச்மேனுக்காக, தீ எச்சரிக்கைப் பேனலைச் சோதனை நிலையில் போட்டு, கருவியின் மேல் புகை ஸ்பிரே அடித்துக் காட்டுவேன். சோதனை நிலையில் விளக்கு மட்டும் சிமிட்டும், சைரன் அடிக்காது. "தம்பி, டெய்லி செக் பண்றீங்களே, எங்க பில்டிங்கு மேல அப்படி என்ன கோவம்?" என்று அவர் கேட்டதுண்டு.

பிரெட் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நான் மறைக்கவில்லை. வயிறு இழுத்துப் பிடிக்கும். டாக்டரிடம் சொன்னோம், முடிந்தவரை தொடரச் சொன்னார். மாமா வெந்நீர்ப் பையை அவள் வயிற்றில் வைத்து, கைகடுக்கப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரோ ஏதோ கொடுக்கிறார்கள் என்று அவர் சந்தேகப்பட்டது சரி. அந்த 'யாரோ' எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்று முப்பத்தோராவது நாள். அக்கா முதல் துண்டை முடித்தபோது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மாமா இடுப்பில் ஈரத் துண்டோடு, தலை நிறைய சோப்பு நுரையோடு, மோட்டார் போடச் சொல்லப் படிக்கட்டுக்கு வந்தார். "என்னடா பெட்டில?" என்றார். "டெஸ்ட்டுங்க மாமா" என்று சொல்லி, நிரூபிப்பதற்காக ஸ்பிரேயை அடித்தேன். பேனலை இன்னும் சோதனை நிலையில் போடவில்லை. ஆறு வருடத் தொழிலில் இந்தத் தவறு முதல் முறை. வாழ்க்கையில் நான் ஒப்புக்கொள்ளும் குற்றம் இது ஒன்றுதான்.

ஒன்பது நொடியில் சைரன் அடித்தது. கருவியைப் பொறுத்தவரை அது நற்சான்று. பதினெட்டு வீட்டிலிருந்து ஐம்பத்தேழு பேர் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதன் பிறகு மாமா அவர்கள் நடுவில் நின்று பெட்டியிலிருந்து பிடுங்கிய இரண்டாவது பிரெட் துண்டை உயரத் தூக்கிப் பிடித்து, "வெஷம்! வெஷம்!" என்று கூவினார். இரண்டாம் மாடிக்காரர் தன் மழைக்கோட்டை அவருக்குப் போர்த்தினார். அதோடுதான் ஸ்டேஷனுக்கு வந்தார்.

இங்கே பிரெட் துண்டை உறையில் போட்டுச் சாட்சிப் பொருளாக மேசையில் வைத்தார்கள். நான் டாக்டர் சீட்டைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்ப்பா, என் சம்சாரமும் அந்த ஆளப் பாத்துட்டு ஆறு மாசமா பிரெட்ட கண்ணுல காட்டல. எனக்கு அந்த வியாதி இருக்கா?"

"வயித்துல ஏதாவது தொந்தரவு உண்டா சார்?"

"கல்லத் தின்னாலும் செரிக்கும்."

"சந்தேகம்னா டாக்டரப் பாருங்க. இல்லன்னா அது உங்க வீட்டுப் பிரச்சினை சார்."

அதன் பிறகு அக்கா வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே நடந்து வர இரண்டு இடத்தில் நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. உறையைப் பிரித்து, சோப்பு பட்டிருந்த ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"யம்மா! அது சாட்சிப் பொருள்!"

"இது என் ரெண்டாவது துண்டு சார்" என்றாள்.

மாமா தடுக்க எழுந்தார். அக்கா மென்றுகொண்டே, "நீங்க வண்டிக்கு பிரேக் புடிக்குதான்னு நிறுத்தி வெச்சுப் பாப்பீங்களா, ஓட்டிப் பாப்பீங்களா?" என்றாள். மாமா நீட்டிய கையை இறக்கினார். புகைக் கருவியை உதாரணம் காட்டி நான் அவருக்கு விளக்கியதெல்லாம் வீண். எழுத்தர் மேசையிலிருந்த தண்ணீரை மாமாவே எடுத்துக் கொடுத்தார். அவள் கடைசி வாயை விழுங்கும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "இன்னும் எத்தன பாக்கி?" என்றார்.

"இருபத்திரண்டு துண்டு" என்றேன்.

"நாளையிலேர்ந்து நானே வாங்கிட்டு வரேன்" என்றார்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். எண்களை இரண்டு முறை சரிபார்த்தேன். யாரும் மிரட்டவில்லை, பேனாவை நான் வாங்கியதில் எழுத்தருக்குச் சந்தோஷம்தான். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். இனி நான் செய்யப்போவது:

1. மாமாவுக்கு ஒரு சட்டை வாங்கி மாட்டி, மழைக்கோட்டை இரண்டாம் மாடியில் திருப்பிக் கொடுப்பது.
2. வாட்ச்மேனிடமும் பதினெட்டு வீட்டிலும் மன்னிப்புக் கேட்பது. கேட்கும்போதே ஒவ்வொரு வீட்டுக் கருவியையும் சோதிப்பது, பேனலைச் சோதனை நிலையில் போட்ட பிறகு.
3. 'குணமான சகோதரி' படத்தை நீக்கச் சொல்லி அந்த டிவிக்கு எழுதுவது. மாமாவும் கையெழுத்துப் போடுவார். போடவில்லையென்றால் நான் நச்சரிப்பேன்.
4. மார்ச் 23, திங்கட்கிழமை, அக்காவை ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போவது.
5. அதுவரை தினமும் காலை 6.50க்கு மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நிற்பது. மாமாவை நம்புகிறேன். ஆனாலும் எண்ணுவேன்.